செம்பன் முனகிய நாள்

காவல்துறையில் ஒன்பது வருஷம் மோப்பம் பிடித்த செம்பன் என்ற நாய்க்கு ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம். சில நாளாக இடுப்பில் விண்விண்ணென்று வலி. டாக்டர் அழுத்திப் பார்க்கும்போதெல்லாம் அது பல்லைக் கடித்துக்கொண்டு வாலை ஆட்டிவிடும்.

செம்பனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த கறுப்பி என்ற நாய் பக்கத்துக் கூண்டில் இருந்தது.

“நேற்று சுவர் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாயே, வலிக்கிறதா?” என்று கறுப்பி கேட்டது.

“மெல்லப் பேசு! தெரிந்தால் இனி உதவமாட்டான் என்று நாளைக்கே அனுப்பிவிடுவார்கள்.”

“சரி, ஓய்வுக்கு அப்புறம் என்ன செய்யப் போகிறாய்?”

“என்னை வளர்த்த ஏட்டையா வீட்டுக்குப் போவேன். தினமும் அவரோடு கடற்கரையில் ஓடுவேன்.”

“எந்தக் காலால்?”

செம்பன் திரும்பித் தன் இடுப்பை ஒருமுறை நக்கிக்கொண்டது.

மறுநாள் டாக்டரின் விரல் இடுப்பில் பட்டது. செம்பன் இந்த முறை பல்லைக் கடிக்கவில்லை. குட்டி நாயைப் போல முனகிவிட்டது.

“அடப்பாவி, இத்தனை நாளும் பொறுத்துக்கொண்டா இருந்தாய்?” என்று டாக்டர் அதன் தலையைத் தடவினார். ஊசி போட்டார். இனிமேல் சுவர் தாண்ட வேண்டாம், வாசலில் பைகளை மோந்து பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது கறுப்பியின் முறை. அது மெல்ல நொண்டிக்கொண்டே வந்து, யாரும் கேட்காமலே தன் இடது முன்னங்காலைத் தூக்கி டாக்டரின் மடியில் வைத்தது.