பகலவன் சொன்ன பொய்

"நீ வெட்னியா?"

"இல்லீங்க."

"நீ?"

"நான் ஊர்லயே இல்லீங்க."

தெருவில் ஆம்பிளைகளை நிற்கவைத்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார் இன்ஸ்பெக்டர். எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். நேற்று சாயங்காலம் சங்கராபுரம் ரோட்டை மறிக்கப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். மலைக்குப் போகிற பஸ்கூட நின்றுபோனது.

ஆண்டாள் தன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வெட்டியது அவள் பெரிய மகன் அன்புச்செல்வன். தெருவுக்கே தெரியும். வாத்தியார் வேலைக்குக் காத்திருக்கிறவன். கேஸ் விழுந்தால் வேலை அவ்வளவுதான்.

தெரு வாயைத் திறக்காது. அவளுக்குப் பயமெல்லாம் சின்ன மகன் பகலவன் வாயைப் பற்றித்தான்.

இருபத்துநாலு வயசாகியும் யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். கேட்டால் உள்ளதை உள்ளபடி போட்டு உடைப்பான். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், "அண்ணன் பீடி குடிக்கும், அம்மாவுக்குத் தெரியாது" என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொன்ன மகராசன்.

பாண்டிச்சேரி டாக்டர் இதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். "மூளை வேலை செய்யற விதமே வேறம்மா. அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு சட்டுனு புரியாது. யார் என்ன நினைப்பாங்கன்னு பார்த்துப் பேச்சை மாத்திக்கவும் வராது."

அன்புச்செல்வன் அதை ஊருக்குச் சுருக்கிச் சொன்னான். "என் தம்பிக்குப் பாசம்னா இன்னான்னே தெரியாது."

இன்ஸ்பெக்டர் பகலவன் முன்னால் வந்து நின்றார்.

"நீ வெட்னியா?"

"வெட்னேன்."

ஆண்டாள் ஆடிப்போனாள். மரம் சாய்ந்தபோது அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து வேர்க்கடலைப் பருப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தானே!

"சார், என் புள்ள வூட்ல..."

அன்புச்செல்வன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். "சும்மா இரும்மா."

சும்மா இருந்துவிட்டாள். ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்து இன்னொரு பிள்ளையை மீட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

பகலவனை ஏற்றிக்கொண்டு ஜீப் போனதும் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். "பாசம் தெரியாதவன்னு சொன்னோமே அக்கா. அண்ணனுக்காவ பொய் சொல்லிட்டுப் போறான் பாரு!"

அதைச் சொல்லிச் சொல்லியே அழுதாள் ஆண்டாள். பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத பிள்ளை, முதல் பொய்யை அண்ணனுக்காகச் சொல்லியிருக்கிறான். வயிறு எரிந்தது. பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் அன்புச்செல்வனைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி சப்-ஜெயிலுக்கு ஓடினாள். ஜெயில் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நின்றான் பகலவன். சாப்பிடவே இல்லையாம்.

"கண்ணு, அண்ணனைக் காப்பாத்தவா பொய் சொன்ன?"

"நான் பொய் சொல்ல மாட்டேம்மா. வெட்னேன்."

"நீ என்கூடத்தானடா இருந்த? எப்ப வெட்ன?"

"நேத்து காலையில. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி. மரம் கீழ விழுந்து கெடந்துச்சு. அண்ணன் கூட்டிக்கினு போயி கோடாலி குடுத்துச்சு."

"எதுக்குடா?"

"போலீஸ் கேட்டா வெட்னேன்னு சொல்லுன்னுச்சு. பொய் சொல்ல மாட்டேன்னேன். அப்ப ஒரு வெட்டு போட்டுடு, பொய்யாவாதுன்னுச்சு. போட்டேன்."

ஆண்டாள் திரும்பி அன்புச்செல்வனைப் பார்த்தாள்.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.