பினாங்குச் சங்கிலி

“அந்தச் சங்கிலியக் கழட்டிக் குடு கன்னிமா” என்று அண்ணி கெங்கம்மாள் கையை நீட்டினாள். கன்னியம்மாளுக்குப் பகீரென்றது.

பினாங்கிலிருந்து கப்பலேறிப் பிறந்த ஊரைப் பார்க்க வந்தவள் அவள். கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கின நாள் முதலாய் அண்ணியின் கண் அந்தச் சங்கிலி மேலேயே இருந்தது. தொட்டுப் பார்ப்பதென்ன, திருப்பிப் பார்ப்பதென்ன! இப்போது வாய்விட்டே கேட்டாயிற்று.

கேட்க ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. கன்னியம்மாளின் மகள் மல்லிகா பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுக்கு இது அயல் தேசம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கிக் காய்ச்சல் வேறு. பொன்னுக்கு வீங்கி. திருவள்ளூர் டாக்டர் மாத்திரை கொடுத்து, தானாக வற்றிவிடும் என்றார். கெங்கம்மாள் விடுவாளா? கழுத்தில் தங்கம் போட்டால்தான் வற்றும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பினாங்கில் இதையெல்லாம் யாரும் நம்பமாட்டார்கள் என்று கன்னியம்மாள் சொல்லிப் பார்த்தாள். அண்ணி நீட்டிய கையை மடக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு நகை போட மாட்டேன் என்று எந்தத் தாய் சொல்ல முடியும்? கழற்றிக் கொடுத்தாள்.

சங்கதி என்னவென்றால், அது தங்கமே இல்லை. கில்ட்டு.

புருஷனுக்கு ரப்பர் தோட்டத்து வேலை போய்விட்டது. நிஜ நகையெல்லாம் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாமலே போயின. ‘லீவுக்கு வந்திருக்கோம்’ என்று தெரு முழுக்கச் சொன்னதும் பொய்தான். குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டால் அண்ணன் பச்சையப்பன் தங்க இடம் கொடுப்பானா என்று நாடி பிடித்துப் பார்க்க வந்தவள். வாயைத் திறக்கவிடாமல் வெட்கம் பிடுங்கித் தின்றது.

கெங்கம்மாள் சங்கிலியைப் பிள்ளையின் கழுத்தில் போட்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போட்டு, தாடையைச் சுற்றித் துணியைக் கட்டினாள்.

“துணிய நாந்தான் அவுப்பேன். நீ கை வெக்காத.”

கன்னியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையைத் தொட இவள் உத்தரவு வேண்டுமா?

மறுநாள் வீக்கம் கூடியது. கஞ்சியை விழுங்க முடியாமல் மல்லிகா அழுதாள். நம்பமாட்டோம் என்று பீற்றிக்கொண்டவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கில்ட்டைப் போட்டதால்தான் இப்படியோ? சொல்லிவிட்டால் பிள்ளைக்கு நல்ல தங்கமாவது கிடைக்கும். ஆனால் சொன்ன பிறகு, எந்த முகத்தோடு வந்து இந்த வீட்டில் அண்டுவது? அடுப்படி வரை போவாள், அண்ணியின் முகத்தைப் பார்ப்பாள், திரும்பிவிடுவாள். பிள்ளை அனத்திக்கொண்டு கிடக்க, சே, நானும் ஒரு தாயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நல்லவேளை, நாலைந்து நாளில் வீக்கம் வற்றத் தொடங்கியது. கில்ட்டுக்கே வற்றுகிறதே என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு மட்டும் வரவில்லை.

அதற்குள் சேதி பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் ஓடி வந்தாள். அவள் பையனுக்கும் வீங்கியிருந்தது. பினாங்குச் சங்கிலியை ஒரு நாள் இரவல் தரச் சொல்லிக் கெஞ்சினாள்.

“குடுக்க முடியாது, போ” என்றாள் கெங்கம்மாள், முகத்தில் அடித்தாற்போல்.

கல் நெஞ்சுக்காரி என்று அஞ்சம்மாள் தெருவெல்லாம் கேட்கத் திட்டிக்கொண்டே போனாள். கன்னியம்மாளும் மனசுக்குள் அதையேதான் சொன்னாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கே இரங்காதவள், நாளைக்கு நாம் மூட்டை முடிச்சோடு வந்து நின்றால் இதே பதிலைத்தானே சொல்லுவாள்? கேட்டு அவமானப்படுவதைவிட, வந்த வழியே திரும்பிப் பினாங்கிலேயே செத்துத் தொலையலாம்.

அன்று அண்ணி நடவுக்குப் போயிருந்தாள். கழுத்து அரிக்கிறது என்று மல்லிகா சிணுங்கினாள். கன்னியம்மாள் துணியை அவிழ்த்தாள். மடிப்புக்குள் என்னவோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. தையலைப் பிரித்ததும் இரண்டு தங்கக் குண்டுகள் மடியில் விழுந்தன.

அண்ணியின் தாலிச் சரட்டில் கோத்திருந்த குண்டுகள். அடையாளம் தெரியாமல் போகுமா? அந்தத் தாலிக்கு நாத்தனார் முடிச்சு போட்டவளே அவள்தான்.

சேற்றுக் காலோடு கெங்கம்மாள் வாசலில் நின்றிருந்தாள். கன்னியம்மாளுக்குத் தலை நிமிரவில்லை.

கெங்கம்மாள் உள்ளே வந்து குண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“அஞ்சம்மா தம்பி நகைக் கடையில வேல செய்றான். உன் சங்கிலி அவன் கையில போனா ஊரே சிரிச்சிடும். அதான் தர மாட்டேன்னேன். புள்ளைக்கி வத்திப் போச்சில்ல, இப்ப இந்தக் குண்ட எடுத்துக்கினு போயி அஞ்சம்மா கையில குடுக்கறேன்.”

“அண்ணி... எப்பத் தெரியும்?”

“தொட்டன்னிக்கே.”

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“உன் வூட்டுக்காரருக்கு லெட்டர் போட்டு வரச் சொல்லு. மேலண்ட ரூம உங்களுக்குக் காலி பண்ணணும்னு நீ வந்த அன்னிக்கே உங்க அண்ணங்கிட்ட பேசிட்டேன். நீயா வாயத் தொறப்பேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்.”