புகை நிற்கும் நேரம்

"வாசனைன்னு இன்னொரு புகார் வந்தா கடைக்குச் சீல் வெச்சிடுவாங்க. சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்துடு, தங்கச்சி" என்றான் பிஷ்கேக்கில் ஷாஷ்லிக் என்னும் குச்சிக் கறி சுட்டு விற்கும் எர்மெக்.

"நான் எழுதினா வாசனை நின்னுடுமா?" என்றாள் நகராட்சிப் பொறியாளர் அய்ஸாதா. "புகைக்குழாயில வெச்சிருக்கிற கரி வடிகட்டிப் பெட்டியோட கொள்ளளவை, ஃபேன் நொடிக்கு இழுக்கிற காத்தால வகுத்துப் பாருங்க. புகை உள்ள கண் சிமிட்டுற நேரம்கூட நிக்கல. அதுக்குள்ள கரி எப்படி வாசனையைப் பிடிக்கும்? பெரிய பெட்டி வைங்க."

"புகார் குடுத்தவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"அதை விடுடா. பொண்ணு சொல்றபடி பெருசாவே வாங்கு" என்றார் ஜுமாபெக், அடுத்த குச்சிக் கறியை உருவியபடி. கடையில் அவரைவிட அதிகம் தின்பவர் கிடையாது.

புதுப் பெட்டி வந்ததும் வாசனை அடியோடு நின்றது. ஜுமாபெக்கும் வரவில்லை. சில நாள் பொறுத்த எர்மெக், கடைக்கு மேலே இருந்த அவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"உடம்புக்கு முடியலையாண்ணே?"

"இப்பத்தான்டா தேவலை. கொழுப்புக்கறியத் தொடவே கூடாதுன்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டார். ஜன்னல் வழியா வாசனை வந்தா கால் தானா படியிறங்குது. நானும் எத்தனை நாள்தான் புகார் எழுதுறது?"