கொம்போங்கோ

“அப்போ நாளைக்கு ரொட்டி வரிசையில யாரு நிக்கிறது?” என்றேன்.

“தோக்கறவங்கதான். அதனால நீ இன்னைக்குச் சீக்கிரம் தூங்கிடு, குண்டா” என்றாள் ஒடாலிஸ், சதுரங்கப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து. என் மனைவி.

நடுவர் உதட்டில் விரல் வைத்தார். கடிகாரத்தை அழுத்தினேன்.

சியென்ஃபுவேகோஸ் வளைகுடாவின் வெளிச்சம் கூரையில் நீந்திக்கொண்டிருந்தது. மண்டபமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல எல்லோரும் மெதுவாக அசைந்தார்கள்.

கடைசிச் சுற்று. ஜெயிப்பவர் ஸ்பெயின் போட்டிக்குப் போகலாம். டிரா ஆனால் எங்கள் இருவருக்கும் இல்லை, புள்ளிகளில் முந்தி நிற்கும் சான்டியாகோக்காரன் போவான்.

எங்கள் தீவிலிருந்து அப்படிப் போன யாரும் திரும்பி வந்ததில்லை.

நம்மில் ஒருவராவது போக வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் என்று மட்டும் நாங்கள் பேசவில்லை.

வெள்ளை அவளுக்கு. சிப்பாய், குதிரை, பிறகு பிஷப். ஸ்பானியத் திறப்பு. எங்கள் சமையலறை மேசையில் விரல்கள் தாமாகவே ஆடும் ஆட்டம்.

ஓரத்துச் சிப்பாயை ஓரடி தள்ளி அவள் பிஷப்பை மிரட்டினேன். பிஷப் பின்வாங்க வேண்டும்.

அவள் கை நீண்டது. கட்டத்தில் சற்று விலகி நின்ற தன் ராஜாவை இரண்டு விரல்களால் நடுவுக்கு நகர்த்தினாள்.

ஒரு சொல்லும் இல்லாமல்.

காயைச் சரிசெய்யும் முன் ‘கொம்போங்கோ’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் ஆடியாக வேண்டும்.

நடுவர் பார்த்துவிட்டார். அவள் ராஜாவை ஓரடி முன்னே வைத்தாள். பிஷப் என் சிப்பாயின் வாயில் நின்றது.

“பாவம், கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறா” என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்தும்போதும் ‘கொம்போங்கோ’ என்பவள் அவள். தூங்கும் பூனையை நகர்த்தும்போதும். இன்று காலை வாசலில் என் காலரை மடித்துவிட்டபோதும் சொன்னாள்.

நானும் தோற்கத்தான் வந்திருந்தேன். ஆட்டத்தின் நடுவில், மெல்ல, யாருக்கும் தெரியாமல். அவள் முந்திக்கொண்டாள்.

என் விரல்கள் அந்த பிஷப்பின் மேல் மிதந்தன. பிறகு விலகிப் போய், தூரத்தில் இருந்த என் குதிரையை எடுத்து வைத்தன.

ஒடாலிஸ் நிமிர்ந்தாள். கண்களில் கோபம் தளும்பியது.

“டிரா வெச்சுக்கலாமா, கண்ணு?” என்றேன்.