‘கோ’ படித்த வீடு

போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த வீட்டு மருமகள் தலைமுடியை மறுபடியும் ஒதுக்கிக்கொண்டாள்.

வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இன்று ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு. இதில் கோட்டைவிட்டால் படிப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம், பேசாமல் வீட்டில் கிட என்று புருஷன்காரன் சொல்லிவிட்டான். நடுவில் இருப்பது மெல்லிய சுவர்; என்னால் காதையா பொத்திக்கொள்ள முடியும்?

டம்ளரை எடுத்துக்கொண்டு சர்க்கரை கேட்கப் போனேன். வீட்டில் சர்க்கரை இருந்தது. அதுவா முக்கியம்?

சத்தம் போடாதீர்கள் என்று உதட்டில் விரல் வைத்தாள். நானா சத்தம் போடுகிற ஆள்? அவள் மாமியார் கட்டிலோரம் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிருந்தது. முன்பெல்லாம் அந்த அம்மாள் வாயைத் திறந்தால் தெருநாய்கூட ஒதுங்கும். இப்போது பாவம். அதனால்தான் தினமும் போய், எந்த வீட்டில் என்ன சண்டை என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வருவேன். குறுக்கே பேசாத ஆளிடம் பேசுவதில் ஒரு சுகம் உண்டு.

அந்த வாயில்லா ஜீவனை வைத்துத்தான் மருமகள் பாடம் படித்தாள். ‘கோ’ என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லைப் பாடாய்ப் படுத்தினாள். கோ டு த டாக்டர். கோ ஃபார் எ வாக். கோ ஷாப்பிங். ஒருநாள் கோ ஸ்விம்மிங் என்றாளே பார்க்கவேண்டும்! குளியலறைக்கே கைத்தாங்கலாகப் போகிற அம்மாளை நீச்சலுக்கா கூப்பிடுவது?

போனில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர். முதலில் கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னாள்.

அடுத்தது என் அரைகுறை ஆங்கிலத்துக்கே புரிந்தது. எழவே மாட்டேன் என்று படுத்திருக்கும் பெரியவரை என்ன சொல்லி எழுப்புவாய்?

“கோ” என்றாள். இன்னொரு முறை “கோ” என்றாள். அதற்குமேல் வரவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

வெள்ளைச் சட்டைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஷல் வீ கோ ஃபார் எ வாக்?”

கட்டிலிலிருந்து. குரல் கரகரத்தது, சொல் பிசகவில்லை.

டம்ளர் கைநழுவித் தரையில் உருண்டது. அந்த அறையில் சத்தம் போட்டது கடைசியில் நான்தான்.

மருமகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். வெயில் இதமாக இருக்கிறது, தோட்டம் வரை போகலாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே வளர்த்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் தலையாட்டினார். அடுத்த மாதம் கிளம்ப முடியுமா என்றார்.

போன் அணைந்ததும் கட்டிலைக் கைகாட்டினேன். எனக்குத்தான் பேச்சு வரவில்லை. மாமியார் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள்.

“அவங்களுக்குப் பேச்சு வந்து ரொம்ப நாளாச்சுக்கா,” என்றாள் மருமகள், போர்வையை இழுத்துவிட்டபடி. “உங்க செருப்புச் சத்தம் கேட்டா மட்டும் நிறுத்திடுவாங்க.”