இரண்டு மில்லிலீற்றர்

“கனக்கத் தண்ணி சேத்தா அசிட் ஆக்களை எரிக்காதோ, சேர்?” என்று கிறிஸ்டின் ஒருமுறை வகுப்பில் கேட்டாள்.

“எரிக்கும் பிள்ளை. ஆனா கண் தப்பும்,” என்றார் இரசாயன ஆசிரியர் முத்தலிப். மணி அடித்துவிட்டது, மேலே ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, துறைமுக வாசலில் அவளுடைய தகப்பன் இக்னேசியஸ் அவரைச் சைக்கிளோடு உதைத்து விழுத்தினான்.

“என்ர பெஞ்சாதியை லாப் கூட்டவோ எடுத்து வைச்சிருக்கிறாய், வாத்தி?”

சந்தேகம் மட்டும்தான். அதற்காக ஒரு போத்தல் அமிலத்தை அவர் முகத்தில் ஊற்றினான். சப்பாத்துக் காலால் விலாவில் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் முத்தலிப்புக்கே கேட்டது. துறைமுகத் தொழிலாளர் இழுத்துப் பிடிக்கும்வரை மிதித்தான்.

இன்று பத்தாம் நாள். முகத்தில் கட்டோடு, ஆய்கூடத்தில் தனியே நிற்கிறார்.

அலுமாரியில் ஒரு போத்தல் சல்பூரிக் அமிலம் குறைகிறது. பூட்டின் திறப்பு அவரிடமும், துப்புரவு வேலை செய்யும் றோஸிடமும்தான். இக்னேசியஸின் மனைவி. சம்பவத்தன்று காலை அவளுடைய உதடு வெடித்திருந்தது. குசினியில் வழுக்கியதாகச் சொன்னாள்.

இக்னேசியஸ் பிடிபட்டு மறியலில். அமிலம் எங்கே எடுத்தான் என்று கேட்கப் பின்னேரம் பொலிஸ் வரும். றோஸின் பெயரைச் சொல்வதென்று முத்தலிப் முடிவெடுத்திருந்தார்.

ஒன்றுதான் விளங்கவில்லை. செறிந்த அமிலம் பட்டும் கண் எப்படித் தப்பியது?

வீதியில் கிடந்த போத்தலை அவர் மனைவி லைலா எடுத்து வைத்திருந்தாள். அடியில் மிஞ்சியதைப் பத்து மடங்கு கரைத்து, குடுவையில் அளந்து ஊற்றி, மேலிருந்த அளவிக் குழாயைத் திறந்தார். அமிலத்தை முறிக்கும் கார நீர் துளித்துளியாக விழுந்தது.

அலுமாரி அமிலமென்றால், முறிந்து நிறம் மாற முப்பத்தாறு மில்லிலீற்றர் இறங்க வேண்டும்.

இரண்டிலேயே இளஞ்சிவப்பு வந்துவிட்டது.

யாரோ பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் பதினெட்டு மடங்கு வரும்வரை தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள்.

இன்று காலை வகுப்பில் கிறிஸ்டின் இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை பழஞ்சீலையில் சுற்றியிருந்தது.

தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மணி அடித்ததால் அவர் சொல்லாமல் விட்டது அதுதான்.



பிறகு போத்தலைக் கழுவி, தொட்டிக்குள் போட்டு உடைத்தார். ஆய்கூடத்தின் உடைவுப் புத்தகத்தை விரித்தார். பொய் எழுதிப் பழகாத கை கோணிக்கொண்டு போனது.

‘சல்பூரிக் அமிலம், ஒரு போத்தல். என் கை தவறி உடைந்தது. முத்தலிப்.’

திகதியைச் சம்பவத்துக்கு முந்திய கிழமையாகப் போட்டார்.