தோல் பொய் சொல்லாது

எல்லாக் கறையையும் கண்டு, கண்டும் பொறுத்து நிற்கும் பரம்பொருளை முதற்கண் வணங்கி, ஒரு காரின் பின்னிருக்கையில் நிகழ்ந்ததைச் சொல்லத் தொடங்குகிறேன்.

"இது தலையா, இல்ல எண்ணெய்க் கடையா?"

வீட்டு முகப்பின் கூரையடியில் நான்கு கதவுகளும் திறந்தபடி நின்றது அந்த விலையுயர்ந்த கார். அதன் உரிமையாளர் விரல் நீட்டிய இடத்தில், பால் நிறத் தோலிருக்கையின் தலைசாய்ப்பில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருங்கறை படிந்திருந்தது.

டிரைவர் தலைகுனிந்து நின்றார். சீருடைத் தொப்பி கண்களை மறைத்தது.

"தொப்பி எதுக்குக் குடுத்தேன்? உன் தலை எண்ணெய் என் சீட்டுல படக் கூடாதுன்னுதானே. மூணு வருஷமா என் எதிர்ல அதைக் கழட்டினதே இல்ல, ஒழுங்கான ஆளுன்னு நினைச்சேன். நான் ஆபீசுக்குள்ள போனதும், துரை தொப்பியக் கழட்டி வெச்சுட்டு, நான் உக்கார்ற சீட்டுல சாஞ்சு தூங்கியிருக்கார். தூங்கினியா இல்லையா?"

"தூங்கினேங்கய்யா."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாங்கய்யா."

இத்துணை விரைவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரை உரிமையாளர் கண்டதில்லை. திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் பாதி மிஞ்சிவிட்ட வருத்தத்தில், அவர், கறை எடுக்க வரவழைத்திருந்த தோலிருக்கை துப்புரவுத் தொழிலாளியின் பக்கம் திரும்பினார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு இளம் தொழிலதிபர் சங்கத்துக்காரங்க வர்றாங்க. இந்தத் தடவையும் நான்தான் தலைவர். அவங்க இதுலதான் ஏறப் போறாங்க. கறை போச்சுன்னா இவனுக்கு வேலை உண்டு. போகலன்னா, சாவியக் குடுத்துட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்."

ஐம்பது வயதைக் கடந்தவர் அச்சங்கத்தில் நீடிக்க இயலாது என்பது விதி. நம் உரிமையாளரோ ஒன்பது ஆண்டுகளாக நாற்பத்தொன்பதிலேயே உறுதியாக நிற்பவர். காலம் எத்தனையோ முறை வந்து அழைத்தும் நகர்ந்தாரில்லை.

தொழிலாளி மண்டியிட்டார். நுரையை நேரே தோலின்மேல் விடாமல் மெல்லிய பிரஷில் எடுத்து, கைக்குழந்தையின் முதுகு தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்த்து, வெள்ளைத் துணியால் ஒற்றினார். துணி கறுத்தது.

அந்நேரம் உரிமையாளரின் செல்பேசி ஒலித்தது. அவர் பேசிக்கொண்டே வாசற்கதவுவரை நடந்தார். தொழிலாளி டிரைவரிடம் குரலைத் தாழ்த்தினார்.

"எண்ணெய்னா மஞ்சளா வரும்ண்ணே. இது மை மாதிரி வருதே. தலைக்கு அப்படி என்னத்தத்தான் தடவுறீங்க?"

"அத விடு தம்பி. தினமும் காலையில நானே ஈரத்துணியால ஒத்தி எடுத்துடுவேன். பொண்ணுக்குப் பிரசவம்னு மூணு நாள் லீவு போட்டேன். அதுக்குள்ள ஊறிப் போச்சு."

தொழிலாளியின் கை ஒரு கணம் நின்றது.

"மூணு நாளா நீங்க இந்தக் காருக்குள்ளயே வரலையாண்ணே?"

"பேரன் பொறந்திருக்கான்ப்பா. இப்பப் பார்த்து வேலை போயிடக் கூடாது. எப்படியாவது எடுத்துடு."

தொழிலாளி மறுபடி தேய்க்கத் தொடங்கினார். மூன்றாம் முறை கறை மங்கியது. ஐந்தாம் முறை மறைந்தது. உலரவிட்டு, க்ரீம் தடவி, தோலைப் பழைய பால் நிறத்துக்குக் கொண்டுவந்தார்.

"போயிடுச்சு சார்."

உரிமையாளர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் போகவே, கறுத்த துணியை எடுத்து டிரைவரின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"பாரு. மனுஷன் பொய் சொல்லுவான். தோல் பொய் சொல்லாது. யாரோட தலைன்னு அதுவே காட்டிக் குடுத்துடும்."

"ஆமாங்கய்யா."

"போனாப் போகுது, வேலையில இரு. ஆனா இப்படியே விட்டா உனக்குப் புத்தி வராது. தொப்பியக் கழட்டு. தலையில எவ்வளவு பூசியிருக்கேன்னு இவரும் பார்க்கட்டும்."

டிரைவர் முதன்முறையாக நிமிர்ந்தார்.

"வேண்டாங்கய்யா. அவங்க வர்ற நேரமாச்சு."

"என்ன, வெட்கமா இருக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்கய்யா."

"அப்ப கழட்டு."

டிரைவர் தொப்பியைக் கழற்றினார்.

அந்தத் தலையில் எண்ணெய் இல்லை. எண்ணெய் தடவுவதற்கு ஒரு முடிகூட இல்லை. நெற்றி தொடங்கிப் பிடரிவரை, கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம்போல் அது பளபளத்தது.

தொழிலாளி எழுந்து, உரிமையாளரின் கையிலிருந்த துணியை மெல்ல வாங்கி, கறுப்பு உட்புறம் போகும்படி மடித்து வாளிக்குள் போட்டார்.

உரிமையாளரின் வலக்கை தம் பிடரியை நோக்கி எழுந்தது; அங்கிருந்த முடியின் அழகிய கருமையைத் தொடும் முன்பே எதையோ எண்ணிக் கீழே இறங்கியது.

"தொப்பியப் போட்டுக்கங்க," என்றார் அவர், அத்தனை மெதுவாக. "வெயில் சுடுது."

மூவரும் கூரையின் நிழலில்தான் நின்றிருந்தார்கள். 

இதைக் கேட்ட நல்லோர்க்கெல்லாம், தம் கறையை விடியலில் துடைத்துவிட்டு வாய் திறவாதிருக்கும் ஒருவர் துணையாக வாய்க்கட்டும். அவரை அடையாளம் காணும் கண்ணையும் ஆண்டவன் கூடவே அருளட்டும்.